முப்பத்தொன்றாம் எண் அறிக்கை

வாருங்கள், படிப்போரே, வந்து பாருங்கள்! கொலை நடந்த வீட்டுக்கு உங்களை அழைக்கவில்லை. கொள்ளை போன வீட்டுக்கும் அழைக்கவில்லை. காலை ஏழரை மணிக்குத் தேநீர் ஆறிக்கொண்டிருக்கும் ஒரு சாதாரணச் சாப்பாட்டு மேசைக்குத்தான் அழைப்பு. அங்கே இரத்தம் சிந்தவில்லை. ஆனால் ஒருத்தியின் நற்பெயர் பன்னிரண்டு ஆண்டுகளாகக் கழுத்து நெரிக்கப்பட்டுக் கிடக்கிறது. நெரித்த கைகளோ ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருக்கின்றன! பார்த்துவிட்டு நீங்களே சொல்லுங்கள், இது அநீதியா, இல்லையா என்று.

மேசையின் தலைப்பக்கம் அமர்ந்திருப்பவர் பெரியவர். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தப் பகுதி மக்கள் கூடி நடத்தும் முதலீட்டு மன்றத்தின் தலைவர். அவருக்கு வலப்புறம் அவருடைய தம்பி; பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியர், அதே மன்றத்தின் செயலாளர். பரிமாறிக்கொண்டு நிற்பவள் பெரியவரின் மனைவி. அடுப்படி வாசலில், வேலைக்குப் புறப்படும் கோலத்தில் பையைத் தோளில் மாட்டியபடி நிற்கிறாளே, அவள்தான் தம்பியின் மனைவி. அந்த வீட்டின் சின்ன மருமகள். அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவள். அச்சாகப் போவதை முன்னதாகப் படித்துப் பிழை பிடிப்பது அவள் தொழில்.

பெரியவர் ஒரு தடித்த காகித உறையை மேசையின் மீது தள்ளினார்.

"இந்தா சின்னவளே. மன்றத்தோட இருபத்தஞ்சு வருஷ வரலாறு. நானே உக்காந்து எழுதினது. ஞாயித்துக்கிழமை விழாவுல வெளியிடப் போறோம். உன் அச்சகத்துலதான் போடணும். முதலாளிகிட்டச் சொல்லிக் கொஞ்சம் குறைச்சு வாங்கு. வீட்டு ஆள் ஒருத்தி அங்க இருந்து என்ன பிரயோசனம்?"

"நானா படிக்கணும், அத்தான்?"

"நீதான் படிக்கணும். எழுத்துப்பிழை மட்டும் பாரு. விஷயத்துல கை வைக்காதே. விஷயம் எனக்குத் தெரியும்."

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தவறவிட்டவர் போலக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை. பெரியவரின் மனைவி மட்டும் வாசல் வரை பின்னால் வந்தாள்.

"சின்னவளே… அதுல என்ன எழுதியிருந்தாலும்… மனசுல வெச்சுக்காதே…"

"பன்னெண்டு வருஷமா மனசுலதானேக்கா வெச்சிருக்கேன்! வேற எங்க வைக்க இடம் குடுத்தீங்க?"

அக்காள் தட்டோடு உள்ளே திரும்பிவிட்டாள்.

அன்று பிற்பகல் அச்சகத்தின் சன்னலோர மேசையில் அமர்ந்து அவள் அந்த வரலாற்றைப் படிக்கத் தொடங்கினாள். பின்னால் இயந்திரங்கள் தடதடத்தன. மை வாடையும் புதுக் காகித வாடையும் சூழ்ந்திருந்தன. முதல் பக்கத்திலேயே அவளுக்குச் சிரிப்பு வந்தது, கசந்த சிரிப்பு!

உண்மையில் நடந்தது வேறு. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் அந்த வீட்டு முன்னறையில் மடக்கு நாற்காலிகளைப் போட்டுப் பதினொரு பேர் கூடினார்கள். மருந்துக்கடைக்காரர் ஒருவர், பேருந்து ஓட்டுநர் ஒருவர், தையல்காரம்மா, தலைமையாசிரியை இப்படி. மாதாமாதம் ஆளுக்கு ஒரு தொகை போட்டுச் சேர்த்து, நல்ல நிறுவனங்களின் பங்குகளைக் கூட்டாக வாங்குவது என்பது திட்டம். ஆனால் எது நல்ல நிறுவனம்? யாருக்குத் தெரியும்?

"பங்கு வாங்கினா ஃபேக்டரிக்குள்ள போய் நாலு சத்தம் போட நம்மளை விடுவாங்களா?" என்று கேட்டார் ஓட்டுநர். எல்லோரும் சிரித்தார்கள்.

தேநீர் கொண்டுவந்த புது மருமகள்தான் பதில் சொன்னாள். "உள்ள போகவே வேண்டாம், அண்ணே. அவங்க செய்யற சாமானை வாங்கி ஒரு மாசம் வீட்டுல புழங்கிப் பாருங்க. உள்ள என்ன நடக்குதுன்னு அதுவே சொல்லிடும்."

மன்றத்தின் முதல் விதி அன்று பிறந்தது: 'ஒரு மாதம் வீட்டில் புழங்கிப் பார்க்காத பொருளைச் செய்யும் நிறுவனத்தின் பங்கை வாங்குவதில்லை.' விதியைச் சொன்னவளுக்கே வேலையும் வந்து சேர்ந்தது. பூட்டு நிறுவனம் ஒன்று பேச்சில் வந்தபோது, கொல்லைக் கதவில் அந்தப் பூட்டை மாட்டி, காலையும் மாலையும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, முப்பது நாளும் திறந்து திறந்து மூடினாள். சுவர்ச்சாயத்தை அடுப்புப் புகைக்கு எதிரே பூசிப் பார்த்தாள். இஸ்திரிப் பெட்டி ஒன்று மின்சாரம் கசிந்து அவள் உள்ளங்கையைச் சுட்டது. தழும்பு இன்றைக்கும் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் அறிக்கை எழுதினாள். பூட்டுப் பங்கு பத்து மடங்கு ஏறியது. அதில்தான் தையல்காரம்மா வீடு கட்டினாள். ஓட்டுநர் மகன் படித்தான்.

பெரியவர் எழுதியிருந்த வரலாறு என்ன சொன்னது? 'பூட்டு நிறுவனத்தின் தரத்தைத் தலைவர் தமது தொலைநோக்கால் முன்கூட்டியே உணர்ந்தார்.'

தொலைநோக்காம்! சாவியை எந்தப் பக்கம் திருப்புவது என்று அவளிடம் கேட்டவருக்குத் தொலைநோக்கு! அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டினாள். சவர்க்காரம், கைவிளக்கு, நீர்க்குழாய் எதிலும் அவள் பெயரில்லை. பெயர் வேண்டாம், 'ஒரு பெண்' என்றுகூட இல்லை. ஐம்பத்திரண்டாம் பக்கத்தில்தான் அவளுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தது.

'மன்றத்துக்கு நேர்ந்த ஒரே பெருநட்டம் மின்விசிறி நிறுவனத்தால் நேர்ந்தது. சோதனைப் பொறுப்பேற்றிருந்த செயலாளரின் துணைவியார், பொருளைச் சரிவரச் சோதிக்காமல் நற்சான்று அளித்ததே அதற்குக் காரணம். எனினும் தலைவர் பெருந்தன்மையுடன் அவரை மன்னித்தார்.'

மன்னித்தார்!

படிப்போரே, அந்த ஒரு சொல்லை நாவில் வைத்துப் பாருங்கள். குற்றம் செய்தவன், குற்றத்தைத் தன் தலையில் சுமந்தவளை மன்னிக்கிறான்! அதை அச்சிலும் ஏற்றுகிறான்! அதற்கு அவளையே மெய்ப்புப் பார்க்கச் சொல்கிறான்!

நடந்தது இதுதான். அந்த மின்விசிறியை அவள் வாங்கி வந்து மாட்டினாள். பதினோராம் நாள் அது கருகியது. 'வேண்டாம்' என்று இரண்டு பக்க அறிக்கை எழுதினாள். கூட்டத்தன்று மகளுக்குக் கடுங்காய்ச்சல். மருத்துவமனைப் படுக்கையருகே இருந்தபடி, அறிக்கையைக் கணவர் கையில் கொடுத்து, "கூட்டத்துல படிச்சிடுங்க" என்று அனுப்பினாள். அவர் படிக்கவில்லை. அறிக்கையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே, "என் மனைவி நல்லா இருக்குன்னு சொல்லியிருக்கா" என்றார். பெரியவர் அப்படிச் சொல்லச் சொல்லியிருந்தார். மன்றம் தன் கையிருப்பில் முக்கால் பங்கை அந்த நிறுவனத்தில் போட்டது. இரண்டே ஆண்டில் நிறுவனம் கதவை மூடியது.

அந்தப் பொய்யை அவள் அறிந்தது எங்கே தெரியுமா? அறுபது பேர் கூடிய நெருக்கடிக் கூட்டத்தில்! மன்றம் அதற்குள் வளர்ந்திருந்தது. "நீதானேம்மா நல்லா இருக்குன்னு சொன்னே!" என்று மருந்துக்கடைக்காரர் அவளைச் சுட்டிக் கத்தினார். அவள் திகைத்துக் கணவரைத் தேடினாள். அவர் தலை தொங்கியிருந்தது. வாய் திறக்கப் போனவளின் கையைப் பின்னாலிருந்து ஒரு கை பற்றியது. பெரியவரின் மனைவி.

"சின்னவளே, உன் காலா நெனச்சுக் கையைப் பிடிக்கிறேன்… என் மக கல்யாணம் பேசி முடிச்சிருக்கு. இப்ப இவர் பேர் கெட்டா அவ வாழ்க்கை போச்சு! ஆறு மாசம்… ஆறே மாசம் பொறுத்துக்கோ. கல்யாணம் முடிஞ்ச மறுநாள் நாங்களே எழுந்து நின்னு உண்மையைச் சொல்லிடறோம்…"

அவள் வாயை மூடிக்கொண்டாள். ஒரு பெண்ணின் வாழ்வுக்காக மூடிய வாய்! திருமணம் முடிந்தது. ஆறு மாதம் ஆறு வருடமாயிற்று, பிறகு பன்னிரண்டாயிற்று. அவள் மன்றத்திலிருந்து விலக்கப்பட்டாள். தெருவில் 'விசிறிக்காரி' என்று பட்டப்பெயர் வந்தது. அவள் கடைக்குள் நுழைந்தால், "என்னப்பா, திடீர்னு காத்து வருது!" என்று ஒருவன் சொல்வான், மற்றவர்கள் சிரிப்பார்கள். பள்ளியிலிருந்து அழுதுகொண்டு வந்த மகள், "அம்மா, நீங்க திருடினீங்களா?" என்று கேட்டாள். அன்றுகூட அவள் வாய் திறக்கவில்லை. "என் அறிக்கை எங்கே?" என்று கணவரிடம் ஒரே ஒருமுறை கேட்டாள். "இல்ல" என்றார். கிழித்துவிட்டார் என்று எண்ணிக்கொண்டாள்.

பேச்சாவது காற்றில் போகும். அச்சு போகுமா? அவள் செத்த பிறகும் அவள் மகளின் மகள் எடுத்துப் படிப்பாளே!

அவள் பேனாவை எடுத்தாள். அந்த மூன்று வரியின் மீது ஒரு கோடு போட்டால் போதும். எழுத்துக் கோப்பவர் கேள்வி கேட்காமல் எடுத்துவிடுவார். ஞாயிறன்று விழா மேடையில்தான் பெரியவருக்கே தெரியவரும். கை நீண்டது… பின்வாங்கியது. நல்ல மனம் தடுத்ததென்று எண்ணிவிடாதீர்கள்! வெட்டிவிட்டால் பொய் மறைந்துபோகும். உண்மை வெளியே வந்துவிடுமா? மறைவது அவளுக்குப் போதவில்லை. அவளுக்கு அது அகப்பட வேண்டும். கையும் களவுமாக அகப்பட வேண்டும்.

அப்போதுதான் அவள் தொழிற்கண் ஒன்றைக் கண்டது.

மன்றத்துக்கு வரும் ஒவ்வொரு சோதனை அறிக்கைக்கும் செயலாளர் வரிசையாக ஓர் உள்வரவு எண் கொடுத்துக் கையொப்பமிடுவார். அது மன்றத்தின் வழக்கம். பெரியவர் தம் எழுத்துக்குக் கம்பீரம் கூட்ட, ஒவ்வொன்றுக்கும் அந்த எண்ணைக் குறிப்பிட்டிருந்தார். பூட்டு, எண் ஒன்பது. சுவர்ச்சாயம், பதினான்கு. கைவிளக்கு, முப்பது. அடுத்தது நீர்க்குழாய், முப்பத்திரண்டு. மின்விசிறிக்கு மட்டும் எண் இல்லை.

முப்பத்தொன்று எங்கே?

எண் விடுபட்டிருக்கிறது என்றால், எண் கொடுக்கப்பட்டிருக்கிறது! கொடுத்தவர் அவள் கணவர். பழைய பேருந்துச் சீட்டைக்கூடத் தேதி போட்டு அடுக்கிவைக்கிற மனிதர். வாயால் பொய் சொன்ன அந்த மாலையிலும், பழகிய கை பழகிய வேலையைச் செய்திருக்கிறது, பதிவேட்டில் ஏற்றியிருக்கிறது! அப்படியானால் அவர் கிழிக்கவில்லை… பதினான்கு ஆண்டுகளாக வைத்திருந்தும் கொடுக்கவில்லை! அவளுக்கு எது பெரிதாக வலித்ததென்று அவளுக்கே தெரியவில்லை.

ஓரத்தில் தெளிவாக எழுதினாள்: 'மற்ற அறிக்கைகளுக்கு எண் உள்ளது. மின்விசிறி அறிக்கைக்கு இல்லை. எண்ணைக் குறிப்பிட்டு, அறிக்கையின் நகலை இணைக்கவும்.' ஐயம் எழுப்பப்பட்ட பக்கம், எழுதியவர் பதில் எழுதிக் கையொப்பமிடாமல் இயந்திரம் ஏறாது. அந்த அச்சகத்தின் கட்டளை அது, முதலாளியே மீறியதில்லை.

ஐயத்தாள் மன்றத்தின் முகவரிக்குப் போயிற்று. மன்றத்தின் முகவரி எது? மருந்துக்கடை! வியாழன் காலை மருந்துக்கடைக்காரர் அதைப் பிரித்துப் படித்தார். அலமாரியிலிருந்த உள்வரவுப் பதிவேட்டைத் தூசி தட்டி எடுத்தார். பதினொரு மணிக்கு அவரும் பெரியவரும் அச்சகத்துக்குள் நுழைந்தார்கள்.

"யாரைக் கேட்டு இதை எழுதினே?" பெரியவரின் குரலில் இயந்திரச் சத்தமே அடங்கியது. "எழுத்துப்பிழை மட்டும் பாருன்னு சொன்னேனா இல்லையா?"

"எண் விட்டுப்போனதும் பிழைதான், அத்தான்."

"நாக்கு நீண்டுபோச்சு உனக்கு!"

"பன்னெண்டு வருஷம் மடக்கி வெச்சிருந்தேன். நீட்டத்தானே செய்யும்?"

மருந்துக்கடைக்காரர் குறுக்கிட்டார். "சார், சத்தம் போட வேணாம். பதிவேட்டுல இருக்கு பாருங்க. 'முப்பத்தொண்ணு, மின்விசிறிச் சோதனை அறிக்கை, ரெண்டு பக்கம்.' உங்க தம்பி கையெழுத்துதான். ரெண்டு பக்கம் எங்க சார்?"

"தொலைஞ்சிருக்கும்! வீடு மாத்தினோம், வெள்ளை அடிச்சோம்… எத்தனையோ தொலையுது!"

"ஐம்பது தாள்ல அது ஒண்ணு மட்டும் தொலைஞ்சதா?"

அச்சக முதலாளி சண்டையை விரும்பாத மனிதர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஐயா, ஒரு வழி சொல்லட்டுமா? அந்தப் பத்தியையே எடுத்துடலாம். பிரச்சினை தீர்ந்தது."

"எடுத்துடுங்க!" பெரியவர் பாய்ந்து பற்றிக்கொண்டார். "தாராளமா எடுத்துடுங்க. எனக்கென்ன, யாரையும் குத்தம் சொல்லணும்னு ஆசையா?"

"எடுக்கக் கூடாது."

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் எழுந்து நின்றிருந்தாள்.

"அந்தப் பத்தி இருக்கணும். ஓர் எழுத்து குறையாம இருக்கணும். 'மன்னித்தார்'ங்கிற வார்த்தை கண்டிப்பா இருக்கணும். அதுக்குக் கீழே என் அறிக்கையும் இருக்கணும். படிக்கிறவங்க ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கட்டும்."

"அம்மா…" மருந்துக்கடைக்காரரின் குரல் இறங்கியிருந்தது. "அப்ப நீங்க அன்னைக்கு… நல்லா இருக்குன்னு எழுதலையா?"

"பன்னெண்டு வருஷத்துல இப்பத்தான் கேக்கறீங்க. காத்து வருதுன்னு சொல்ல மட்டும் ஒரு நாளும் மறக்கலை."

மனிதரின் முகம் சுண்டிப்போயிற்று. பெரியவர் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார்.

அன்று மாலை அவள் அடுப்படியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது கணவர் வந்து நின்றார். பள்ளியிலிருந்து நேரே வந்தவர், தோள்பையைக்கூட இறக்கவில்லை. பைக்குள்ளிருந்து இரண்டு தாள்களை எடுத்து நீட்டினார். பழுப்பேறிய தாள். மூலையில் அவருடைய கையொப்பம். வட்டத்துக்குள் எண், முப்பத்தொன்று.

"பள்ளிக்கூடத்துல என் மேசை இழுப்பறையில வெச்சிருந்தேன்… கிழிக்க மனசு வரலை…"

"குடுக்கவும் மனசு வரலை."

"அண்ணன் சொன்னாரு… அவரு படிக்க வெச்ச படிப்பு, வாங்கிக் குடுத்த வேலை… மறுத்துப் பேச முடியலம்மா…" அவர் தாள்களை இன்னும் அருகே நீட்டினார். "தப்புதான். நான் ஆம்பளையே இல்லை. என்னை மன்னிச்சிடு… இந்தா, உன் காகிதம். உனக்கு வேணுங்கிறதைச் செய். ஆனா விழாவுல மட்டும் வேண்டாம்… அண்ணன் தாங்கமாட்டாரு…"

அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டாள். தாளை வாங்கவில்லை.

"ஏங்க, எல்லாரும் என்னைக் குத்தம் சொன்ன கூட்டத்துல எத்தனை பேர் இருந்தாங்க?"

"…அறுபது பேர்."

"அறுபது பேர் முன்னால என் பேரைப் பிடுங்கினீங்க. அதை அடுப்படியில வந்து, யாருக்கும் தெரியாம, பாத்திரம் கழுவற இடத்துல திருப்பித் தரீங்களா? இங்க யாரு இருக்கா? நீங்களும் நானும் நாலு தட்டும்! தட்டு சாட்சி சொல்லுமா?"

"நான் என்ன செய்யணுங்கிற…"

"அன்னைக்குப் படிக்கச் சொல்லிக் குடுத்தேன். இன்னும் படிக்கலை நீங்க. ஞாயித்துக்கிழமை படிங்க. முழுசா. ஒரு வரி விடாம."

"முடியலைன்னா…?"

"அப்ப இந்த வீட்டுல எனக்கு வேலை இல்லை. மகளோட விடுதிக்குப் பக்கத்துல ஓர் அறை பாத்து வெச்சிருக்கேன். திங்கக்கிழமை போயிடுவேன். நான் அழுதுகிட்டுப் போவேன்னு நெனைக்காதீங்க. அதெல்லாம் முடிஞ்சுபோச்சு."

அவர் தாளுடன் நின்றார். கதவுக்கு அப்பால் ஒரு விசும்பல் கேட்டது. பெரியவரின் மனைவி அங்கேதான் நின்றிருந்தாள், அத்தனையும் கேட்டிருந்தாள். ஆனால் உள்ளே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. மன்ற உறுப்பினர்கள் இருநூறு பேரும் அவர்கள் குடும்பங்களும் மண்டபத்தை நிறைத்திருந்தார்கள். மேடையில் பெரியவர், பக்கத்தில் தம்பி. சின்ன மருமகள் முதல் வரிசையில் வந்து அமர்ந்தாள். இரண்டு பெண்கள் நாற்காலியைச் சற்று நகர்த்திக்கொண்டார்கள். அவள் அதைப் பார்த்தாள். இன்றைக்கு மட்டும் அது வலிக்கவில்லை.

"அச்சகத்துல தாமதம். அதனால வரலாற்று நூல் அடுத்த மாதம்…" என்று பெரியவர் ஒலிபெருக்கியில் தொடங்கினார்.

"தாமதம் அச்சகத்துல இல்ல சார்!" மருந்துக்கடைக்காரர் நடுவரிசையில் எழுந்தார். "முப்பத்தொண்ணாம் எண் அறிக்கை எங்கன்னு கேட்டாங்க. நீங்க பதில் எழுதலை. நாங்களும் கேக்கறோம். எங்க அது?"

மண்டபம் சலசலத்தது. "உக்காருய்யா" என்றது ஒரு குரல். "நீ உக்காரு, அவர் சொல்லட்டும்" என்றது இன்னொன்று. பெரியவர் ஏதோ சொல்லப் போனார். அதற்குள் கணக்கு ஆசிரியர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார்.

"உக்காருடா!" என்றார் அண்ணன், பல்லிடுக்கில்.

தம்பி உட்காரவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக உட்காரவில்லை! இரண்டு தாள்களை விரித்து ஒலிபெருக்கி முன் நின்று படித்தார்:

"'மின்விசிறி. வாங்கியது மாதம் முதல் தேதி. பத்து நாள் குறையில்லை. பதினோராம் நாள் பிற்பகல் கருகிய வாடை. இறக்கிப் பார்த்ததில் உட்சுருள் கறுத்திருந்தது. கடையில் மாற்றிக் கொடுத்தார்கள். மாற்றியது ஆறாம் நாள் நின்றது. அதே மாதத்தில் மேலும் நால்வர் திருப்பியிருப்பதாகக் கடை ஊழியர் சொன்னார். விலை குறைவு, பெட்டி அழகு, பொருள் மோசம். நம்மில் பலர் கூலி வேலை செய்து சேர்த்த பணம். இந்த நிறுவனத்தில் ஒரு காசும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.'"

அவர் தாளைத் தாழ்த்தினார்.

"இதை எழுதினது என் மனைவி. பன்னெண்டு… இல்ல, பதினாலு வருஷத்துக்கு முன்னால கூட்டத்துல படிக்கச் சொல்லி என் கையில குடுத்தா. நான் பையில வெச்சுக்கிட்டு, நல்லா இருக்குன்னு பொய் சொன்னேன். உங்க பணத்தை அழிச்சவன் நான். அவ இல்ல… அவ இல்ல!"

மண்டபமே இடிந்து விழுந்தாற்போல் இரைச்சல். "ஏன் சொன்னே?" "யார் சொல்லச் சொன்னது?" தையல்காரம்மா தலையில் அடித்துக்கொண்டு, "ஐயோ, அவ முகத்தைப் பாத்து நான் கதவைச் சாத்தினேனே!" என்று கதறினாள்.

பெரியவர் நெஞ்சைப் பிடித்தபடி எழுந்தார். "எனக்கு… எனக்கு நெஞ்சு அடைக்குது… காரை எடுக்கச் சொல்லுங்க…"

"உங்களுக்கு ஒண்ணும் இல்ல!"

மேடையேறி வந்து வழிமறித்தவள் யார்? அவருடைய மனைவி! முப்பத்தைந்து ஆண்டுகளில் அவர் முன் குரல் உயர்த்தாதவள்!

"காலையில மூணு ரொட்டி, ரெண்டு முட்டை சாப்பிட்டீங்க. நெஞ்சு நல்லாத்தான் இருக்கு. உக்காருங்க!" அவள் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். கண்ணீர் வழிந்தது, குரல் மட்டும் நின்று பேசியது. "அந்த ஃபேன் கம்பெனிக்காரங்க இவருக்கு ஏஜென்சி தர்றோம்னாங்க. அதுக்காகத்தான் தம்பியைப் பொய் சொல்ல வெச்சாரு. எனக்கும் தெரியும். என் மக கல்யாணத்துக்காக ஆறு மாசம் பொறுத்துக்கோன்னு அவகிட்டக் கெஞ்சினவ நான். மறுநாளே சொல்றேன்னு வாக்குக் குடுத்துட்டு, பன்னெண்டு வருஷம் அவ உழைப்புல சாப்பிட்டேன். என்னையும் எழுதுங்க உங்க வரலாத்துல!"

சின்ன மருமகள் எழுந்து மேடையின் அடியில் போய் நின்றாள். அவள் அழவில்லை.

"அத்தான், நீங்க சொல்லுங்க."

"அதான் எல்லாரும் சொல்லிட்டாங்களே…"

"நீங்க சொல்லலை."

பெரியவர் ஒலிபெருக்கியை விட்டு விலகி முணுமுணுத்தார்: "தப்பு நடந்துபோச்சு…"

"பின்வரிசைக்குக் கேக்கலை, அத்தான்."

"…தப்பு நடந்துபோச்சு!"

"தானா நடந்துச்சா? யார் செஞ்சா?"

வியர்வை அவர் காதோரம் வழிந்தது. இருநூறு குடும்பங்களின் கண்கள் அவரை மேய்ந்தன. எத்தனையோ ஆண்டுகள் அவள் தாங்கிய அந்தப் பார்வைகளை அவர் அரை நிமிடம் தாங்க முடியாமல் தவித்தார். அவள் காத்திருந்தாள். அவசரமே இல்லாமல், அந்த அரை நிமிடத்தின் ஒவ்வொரு நொடியையும் சுவைத்துக் காத்திருந்தாள். குற்றமென்று சொல்வீர்களா? சொல்லிக்கொள்ளுங்கள்!

"நான் செஞ்சேன்," என்றார் பெரியவர் ஒலிபெருக்கியில். "நான்தான் செஞ்சேன். அவ மேல பழியைப் போட்டேன். தலைவர் பதவியை விட்டுடறேன்."

"பதவி உங்களுக்கும் அவங்களுக்கும் உள்ள பேச்சு," என்றாள் அவள். "எனக்கு வேண்டியது வந்துடுச்சு. அந்தப் பத்தி அப்படியே அச்சாகும். கீழே முப்பத்தொண்ணு அச்சாகும். அதுக்குக் கீழே நீங்க இப்பச் சொன்னதும் அச்சாகும். மெய்ப்பு நான்தான் பாப்பேன்."

பெரியவரின் மனைவி படியிறங்கி வந்து, எதிரே நிற்கக் கூசி நின்றாள். "சின்னவளே… என்னை அடிச்சாலும் பரவாயில்ல… பேசாம மட்டும் இருந்துடாதே…"

"ஆறு மாசம்னீங்களேக்கா…" என்றாள் சின்னவள். அவ்வளவுதான். அத்தனை ஆண்டு கட்டிவைத்த கரை அங்கேதான் உடைந்தது. இருவரும் ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு, இருநூறு பேர் பார்க்க, வெட்கமில்லாமல் அழுதார்கள்.

கணவர் தயங்கித் தயங்கி அருகில் வந்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"கடைசி வரி வரைக்கும் படிச்சீங்க. அதுக்காகத் திங்கக்கிழமை போகலை. ஆனா உங்ககூடச் சிரிச்சுப் பேச எனக்கு நாளாகும். கேக்காதீங்க. காத்திருங்க."

"எவ்வளவு நாளானாலும்…" என்றார் அவர்.

படிப்போரே! அவள் வழக்கு முடிந்தது. உங்கள் வழக்கு முடியவில்லை. எந்தக் குடும்பத்தில், எந்தச் சங்கத்தில், எந்த அலுவலகத்தில் இப்படி ஒருத்தி இல்லை? அவளைப் பத்துப் பேர் முன்னால் குற்றம் சொல்லிவிட்டு, உண்மை தெரிந்த பிறகு தனியே அழைத்து, முதுகைத் தட்டி, 'பழசை விடு' என்கிறீர்களே, அது மன்னிப்பா? அது இரண்டாவது திருட்டு! நீங்கள் பழி சொன்ன இடம் எதுவோ, அந்த இடத்துக்கே திரும்பிப் போங்கள். அன்றைக்குக் கேட்டவர் எத்தனை பேரோ, அத்தனை பேரையும் கூட்டுங்கள். எழுந்து நில்லுங்கள். 'நான் பொய் சொன்னேன். அவள் சொன்னது உண்மை' என்று சொல்லுங்கள். அவள் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். நாளை என்று தள்ளாதீர்கள். இந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு, இன்றே புறப்படுங்கள்!